வெடியா, துப்பாக்கியா? சப்ஸ்டேஷனுக்குக் காது வெச்ச கதை

போன தடவை சோலூர் போனப்போ நண்பர் வீட்ல தங்கியிருந்தேன். நடுராத்திரி 'டமார்'னு ஒரு சத்தம். பதறி எழுந்துட்டேன். நண்பரோட அம்மா கண்ணைக்கூடத் திறக்கல. "தூங்கு தம்பி, காட்டெருமை தோட்டத்துல இறங்கியிருக்கும், வெடி போடறாங்க"ன்னாங்க. அவங்க காதுக்கு வித்தியாசம் தெரியுது, எனக்குத் தெரியல. ஒரு மெஷினுக்குத் தெரியுமா?

ஏன் கேக்கறேன்னா, சோலூருக்குப் பக்கத்துலதான் கிளன்மார்கன். அங்கேருந்து குழாய் வழியா இறங்கற தண்ணிதான் சிங்காரா மின் நிலையத்தை ஓட்டுது. பைக்காரா கரண்ட் 1932-லேருந்து வருது. இப்படிப்பட்ட இடங்களுக்கு வேலியும் கேமராவும் போதும்னு ரொம்ப காலம் நினைச்சோம். அந்த நினைப்பை உடைச்சது கலிஃபோர்னியா.

2013 ஏப்ரல் 16. சான் ஹோசே பக்கத்துல மெட்காஃப் சப்ஸ்டேஷன். முதல்ல யாரோ தொலைபேசி கேபிளை வெட்டறாங்க. ராத்திரி 1:31-க்கு வெளியிலேருந்து சுட ஆரம்பிக்கறாங்க. 1:41-க்குப் பக்கத்து மின் நிலையத்துல இருந்த ஒருத்தர் சத்தம் கேட்டு போலீஸுக்குப் போன் பண்றார். போலீஸ் 1:51-க்கு வரும்போது சுட்டவங்க கிளம்பியாச்சு. கேட் பூட்டியிருக்கு, உள்ள ஒண்ணும் தெரியல, திரும்பிட்டாங்க.

உள்ள 17 டிரான்ஸ்ஃபார்மர்ல ஓட்டை. குளிர்விக்கிற எண்ணெய் ஒழுகி, சூடேறி, ஒவ்வொண்ணா நின்னுபோச்சு. கரண்ட்டை வேற வழியா திருப்பினதால ஊர் இருண்டு போகல. ஆனா சேதம் 1.5 கோடி டாலருக்கு மேல. கேமராக்கள் வேலிக்கு உள்ளதான் பாத்துட்டிருந்துச்சு. தோட்டா வெளியிலேருந்து வந்துச்சு. போலீஸுக்கு விஷயத்தைச் சொன்னது ஒரு மனுஷக் காது!

2014-ல முக்கிய சப்ஸ்டேஷன்களுக்குப் பாதுகாப்புத் திட்டம் கட்டாயம்னு அமெரிக்கால விதி வந்துச்சு. துப்பாக்கிச் சத்தத்தைக் கண்டுபிடிக்கிற சென்சாருக்கும் மவுசு கூடிச்சு.

ஆனா அந்த யோசனைக்கு நூறு வயசு. முதல் உலகப் போர்ல, 1915-ல, எதிரியோட பீரங்கி எங்க இருக்குன்னு சத்தத்தை வெச்சே கண்டுபிடிக்கச் சொல்லி லாரன்ஸ் பிராக்கை அனுப்பினாங்க. பல மைக் வெச்சு, எந்த மைக்குக்கு முதல்ல சத்தம் வந்துச்சுன்னு கணக்குப் போடணும். சிக்கல் என்னன்னா, ஒலியை விட வேகமா வர்ற குண்டு கிளப்பற 'படார்' சத்தம் பீரங்கியோட சொந்தச் சத்தத்தை முந்திடும். மைக் ஏமாந்துடும். டக்கர்னு ஒருத்தர் சூடான மெல்லிய கம்பியால மைக் செஞ்சார். அது அந்த 'படாரை'க் கண்டுக்காது, பீரங்கியோட கனத்த முழக்கத்தை மட்டும் பிடிக்கும்.

பாடம் அங்கேயே இருக்கு. நல்ல காதுன்னா எதைக் கேக்கக்கூடாதுன்னு அதுக்குத் தெரியணும். இன்னைக்கு ஒரு மின் நிறுவனம் சிஸ்டம் வாங்கும்போதும் அதான் முதல் கேள்வி. பட்டாசு, இடி, ஸ்விட்ச்யார்டுல பிரேக்கர் விழற சத்தம், இதுக்கெல்லாம் அலறினா ஒரே மாசத்துல காவலாளி அதை ஆஃப் பண்ணிடுவார். சிலது துப்பாக்கி வாயில தெறிக்கிற நெருப்பையும் அகச்சிவப்பு சென்சார்ல பாத்து உறுதி பண்ணிக்குது. மலையில எதிரொலி வேற இருக்கு, அதனால எந்த இடத்துல வைக்கப்போறோமோ அங்கேயே சோதிச்சுப் பாக்கணும்.

ரெண்டாவது கேள்வி, அலாரம் அடிச்சா யார் வருவா, எத்தனை நிமிஷத்துல? மெட்காஃப்ல முதல் தோட்டாவுக்கும் போலீஸுக்கும் நடுவுல 20 நிமிஷம். அதுல பாதி, போலீஸுக்குத் தகவலே போகாம போனது. சென்சார் மிச்சப்படுத்தறது அந்தப் பாதியைத்தான். மீதி 10 நிமிஷத்துக்கு மனுஷங்கதான் வேணும்.

சோலூர் அம்மாவுக்கு ரெண்டும் இருக்கு. எந்தச் சத்தத்துக்குத் தூங்கலாம்னும் தெரியும், எதுக்கு யாரை எழுப்பணும்னும் தெரியும். அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.