வலம் வந்த சொல்

திருவண்ணாமலைக்காரர்கள் பலர் இன்றும் ‘மலை சுத்திட்டு வர்றேன்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆசிரம நூல்களில் அதுவே கிரிப் பிரதட்சிணம். பௌர்ணமிப் பேருந்து அறிவிப்புகளில் கிரிவலம். இதில் கிரி வடமொழி, வலம் தமிழ்.

சங்கப் பாடல்களில் வலம் என்றால் வலப்பக்கம். வலிமையும் வெற்றியும் அதே சொல்லுக்குள் அடங்கும். வாளேந்தும் கைக்கும் வெற்றிக்கும் ஒரே சொல் வாய்த்தது பொருத்தம்தான். திருமுருகாற்றுப்படையின் தொடக்கத்தில் சூரியன் எழுவதும் வலமாகத்தான்.

மலையைச் சுற்றும் பாதை சுமார் 14 கிலோமீட்டர். கிழக்கே இந்திர லிங்கம், தெற்கே எம லிங்கம், மேற்கே வருண லிங்கம், வடக்கே குபேர லிங்கம் என்று எட்டுத் திசைக்கும் ஒன்றாக லிங்கங்கள். நடப்பவரின் வலக்கைப் பக்கம் மலை இருந்துகொண்டே இருக்கும். ஆனால் சாலையின் இடது ஓரமாகவே நடக்கவேண்டும் என்பார்கள் பெரியவர்கள். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்களும் தேவர்களும் நடக்கும் வழி என்பது நம்பிக்கை.

இடப்பக்கத்துக்கும் இங்கே பெரிய கதை உண்டு. உமையம்மை இங்கே தவமிருந்து, மலையை வலம் வந்து பெற்றது ஈசனின் இடப்பாகத்தை. பிருங்கி முனிவரோ அம்மையை விலக்கி, வண்டாகி ஈசனை மட்டும் வலம் வந்தவர். அந்தப் பிணக்கை ஊரே வருடந்தோறும் நடித்துப் பார்க்கிறது. தை மாதம் 2-ஆம் நாள் திருவூடல் தெருவில் சுவாமிக்கும் அம்மனுக்கும் ஊடல். அம்மன் கோயிலுக்குத் திரும்பிவிடுகிறாள். மறுநாள் அண்ணாமலையார் தாமே மலையை வலம் வந்து, பிருங்கிக்குக் காட்சி கொடுத்த பிறகுதான் ஊடல் தீரும் மறுவூடல். கார்த்திகைத் தீபத்தை அடுத்தும் அவர் கிரிவலம் போவதுண்டு. மலையே சிவன் என்று நம்பும் ஊரில், சுவாமி தன்னையே வலம் வருகிறார். வலம் என்ற சொல்லுக்கு இதைவிட ஆழமான பயன்பாடு வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை.

வெளியே அந்தச் சொல் எங்கெங்கோ போய்விட்டது. மன்னன் போனால் நகர்வலம். கட்சி போனால் ஊர்வலம். நேர்த்தெருவில் நடந்து மைதானத்தில் கலைந்தாலும் அதே பெயர். திரும்பி வராத பயணத்தைக்கூட இறுதி ஊர்வலம் என்கிறோம். வதந்தியும் வலம் வருகிறது, நடிகரும் ‘நாயகனாக வலம் வந்தார்’.

1896-இல் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர் அன்பர்களோடு மலையைச் சுற்றிய காலத்தில் அது பெரும்பாலும் காட்டுவழி. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் கூடுவது அண்மைக் காலப் பெருக்கம். விடுதிகளும் ஆசிரமங்களும் இன்று ‘கிரிவலப் பாதை’ என்றே முகவரி எழுதுகின்றன.