அந்திமகாலச் சிகிச்சையும் ஆராய்ச்சியும்

குணப்படுத்த இயலாத நோயுற்றோரின் வேதனையைத் தணிப்போரும் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளரும் ஒரே வினாவுக்கு விடைகாணச் சேர்ந்து உழைக்கும் முறைக்கு முதல் உதாரணங்களுள் ஒன்று, 1967-இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம். 1971-இல் அங்கு ஆராய்ச்சிக்கு வந்த ராபர்ட் ட்வைகிராஸ், மார்ஃபினையும் ஹெராயினையும் நோயாளிகளுக்கு வாய்வழி கொடுத்து ஒப்பிட்டு, ஒன்று மற்றதனினும் மேலானதன்று என்று காட்டினார்.

நம் தேசத்தில் இக்கூட்டுறவு பலித்த இடம் கோழிக்கோடு. அபின் விளைவித்து உலகுக்கு ஏற்றுமதி செய்யும் இந்நாட்டில், 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகள் மார்ஃபினையே கைவிட்டன. 1997-இல் தேசம் முழுவதும் செலவானது ஏறக்குறைய 18 கிலோ. மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அது கள்ளச்சந்தைக்குப் போய்விடும் என்பது அதிகாரிகளின் பயம். அந்தப் பயத்துக்கு விடை, 1993-இல் எம். ஆர். ராஜகோபால் முதலியோர் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலி நிவாரணச் சங்கத்தின் அன்றாடப் பணியிலேயே இருந்தது. விஸ்கான்சின் சர்வகலாசாலையின் டேவிட் ஜோரன்சன், ஆரன் கில்சன் ஆகியோருடன் ராஜகோபால் எழுதி 2001-இல் 'லான்செட்' வெளியிட்ட கட்டுரை, இரண்டாண்டுகளில் வாய்வழி மார்ஃபின் பெற்ற 1,723 புறநோயாளிகளிடையே ஒரு மாத்திரைகூடத் தவறான வழியில் போனதாகக் காணப்படவில்லை என்றது. மரணப் படுக்கையில் கிடப்பவரிடம் நீண்ட வினாப்பட்டியலை நீட்டுவதைக் காட்டிலும், சிகிச்சை தருவோர் கைப்பட எழுதி வைத்ததைப் படித்தறிவதே நாகரிகமான ஆராய்ச்சி என்பது என் அபிப்பிராயம்.

விதிகளை எளிதாக்குமாறு 1998-இல் மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டதிலும் விஸ்கான்சின் குழுவினருக்குப் பங்குண்டு. சட்டமே திருந்தியது 2014-இல்தான்.

தூத்துக்குடி மாவட்டத்து ஓட்டப்பிடாரம் போன்ற ஊர்களுக்கு இது தூரத்துச் செய்தியன்று. மார்ஃபின் மாத்திரையை நான்கு மணிக்கொருமுறை விழுங்க வேண்டும்; படுக்கப்போகுமுன் இரட்டிப்பாகக் கொடுப்பதும் உண்டு. வேளை தவறினால் வலி திரும்பிவிடும். விடியுமுன் உப்பளத்துக்குப் புறப்படும் மகள், தாயின் ஒவ்வொரு வேளைக்கும் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறுவது எங்ஙனம்? 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிக்கும் சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. வீட்டுக்கு வரும் செவிலியர் திண்ணையில் அமர்ந்து முதலில் கேட்பது, "நேத்து ராத்திரி தூங்கினீங்களாம்மா?" என்பதே.