ஆலங்காட்டுச் செப்பேடும் ஆழ்கடல் தீவுகளும்

பட்டாபிராம் ரயில் நிலையத்தில் காலை வேளையில் நின்று பார்த்தால், மாணவர் கூட்டம் பெரும்பாலும் சென்னையை நோக்கியே செல்லக் காண்போம். இன்று உங்களை எதிர்த்திசையில், அரக்கோணம் போகும் வண்டியில், அழைத்துச் செல்ல விரும்புகிறேன். திருநின்றவூரையும் திருவள்ளூரையும் கடம்பத்தூரையும் மணவூரையும் கடந்தால், ஒரு மணி நேரத்திற்குள் திருவாலங்காடு என்னும் சிறிய நிலையம் வந்து சேரும். அங்கிருந்து சற்றுத் தொலைவில் ஊரும் கோயிலும் உள்ளன. கடலின் ஓசையும் காற்றும் எட்டாத உள்நாட்டு ஊர் அது. ஆயினும் சுமத்திரா, மலாயா, நக்கவாரம் முதலிய தீவுகளையும் கரைகளையும் பற்றிய பழைய வரலாற்றை எழுதப் புகுந்தவர் எவரும் இவ்வூரின் பெயரைச் சொல்லாமல் மேற்செல்லுதல் இயலாது.

காரணம், 1905-ஆம் ஆண்டளவில் இங்கே வெளிப்பட்ட ஒரு செப்பேட்டுத் தொகுதி. அது சோழர் முத்திரை பொறித்த வளையத்தில் கோத்த 31 ஏடுகளைக் கொண்டது. முதலாம் இராசேந்திர சோழன் தன் ஆட்சியின் ஆறாம் ஆண்டில் பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளித்த செய்தியைக் கூறுவது. வடமொழிப் பகுதி சோழர் குலத்தின் பெருமையை விரிக்கிறது. தமிழ்ப் பகுதி நிலத்தின் எல்லைகளையும் கொடையின் நிபந்தனைகளையும் சொல்கிறது.

இங்கே வரலாறு பயிலும் மாணவர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஆறாம் ஆட்சியாண்டு என்பது ஏறத்தாழ 1018. ஆனால் வடமொழிப் பகுதியோ அரசனின் படை கடல் கடந்து கடாரத்தை வென்றதாகக் கூறுகிறது. அந்தப் படையெடுப்பு 1025-ஐ ஒட்டி நிகழ்ந்தது. பின்னால் நடந்தது முன்னால் எழுதிய ஏட்டில் எவ்வாறு இடம் பெற்றது? கொடை முன்னே வழங்கப்பட்டது; புகழுரைப் பகுதி பின்னரே இயற்றிப் பொறிக்கப்பட்டது என்பதே அறிஞர் கண்ட விடை. செம்பில் எழுதியது என்பதற்காக எழுத்தை அப்படியே நம்பிவிடலாகாது. அதனையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் வியப்புக்குரியது. கங்கைப் படையெடுப்பை விரிவாகப் பாடிய அந்தப் புலவர், கடாரத்தை ஒரே ஒரு சுலோகத்தில் முடித்துவிடுகிறார். கடல் கடந்த போரின் விவரம் வேண்டுமாயின் இராசேந்திரனுடைய தமிழ் மெய்க்கீர்த்தியைத்தான் நாட வேண்டும். ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரி தேசம், மாநக்கவாரம், கடாரம் என்று அங்கே ஊர்ப்பெயர்கள் அலையலையாக வருகின்றன. இவற்றுள் மாநக்கவாரம் என்பது இன்றைய நிக்கோபார்த் தீவுக்கூட்டம். கடாரம் மலேசியாவின் கெடா மாநிலம். ஸ்ரீவிசயம் சுமத்திராவில் பலெம்பாங்கைத் தலைநகராகக் கொண்டிருந்த பேரரசு. சங்கிராம விசயோத்துங்கவர்மன் என்னும் அரசன் சிறைப்பட்டான். அவனுடைய செல்வமும், மணிகள் பதித்த வாயிற்கதவுகளும் வெற்றிப் பொருள்களாயின.

அந்தப் படையெடுப்பைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. சீனத்துக்குச் செல்லும் வாணிகம் பெரும்பாலும் மலாக்கா நீர்ச்சந்தி வழியே நடைபெற்றது. அந்த நீர்ச்சந்தியின் சாவியை ஸ்ரீவிசயம் தன் மடியில் முடிந்து வைத்திருந்தது. பூட்டைத் திறக்கவே சோழன் படை சென்றது என்பது பல அறிஞர் துணிபு. ஆனால் படை சென்றது, வென்றது, திரும்பியது. தீவுகளில் தமிழர் விட்டுவந்த சுவடுகளைத் தேடிச் சென்றால், அவை வாளேந்தியவர்களின் சுவடுகளாகத் தோன்றவில்லை. அவை காற்றுக்குக் காத்திருந்தவர்களின் சுவடுகள்.

இதைச் சற்று விளக்க வேண்டும். பாய்க்கப்பலுக்குப் பருவக்காற்றே எசமானன். ஒரு பருவத்தில் கிழக்கே போகலாம். மறு பருவத்தில் மேற்கே திரும்பலாம். காற்று நன்கு வாய்த்தால் வழி நெடிது அன்று. ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி ஒருவர் கடாரத்திலிருந்து முப்பதே நாளில் நாகப்பட்டினம் வந்து சேர்ந்ததை இத்சிங் குறித்துள்ளார். ஆனால் காற்றுத் தவறினால் மாதக்கணக்கில் அயலூர்த் துறையில் கிடக்க வேண்டும்.

நடுக்கடலில் காற்று மாறினாலோ, நிலைமை எத்தகையது என்பதைப் பாஹியான் நமக்குச் சொல்கிறார். 411-ஐ ஒட்டி அவர் இலங்கையிலிருந்து ஒரு பெரிய வாணிகக் கலத்தில் ஏறினார். இருநூறு பேருக்கு மேல் அதில் இருந்தனர். ஆபத்துக்கு உதவும் என்று ஒரு சிறு கலத்தையும் பின்னால் கயிற்றில் பிணைத்திருந்தனர். புறப்பட்ட சில நாளில் புயல் பிடித்தது. மரக்கலத்தில் நீர் ஏறத் தொடங்கிற்று. வணிகர் சிறு கலத்துக்குத் தாவ முயன்றனர். அதில் இருந்தவர்களோ, கூட்டம் மிகுந்தால் தாங்களும் மூழ்குவோம் என்று அஞ்சிக் கயிற்றை அறுத்துவிட்டார்கள்! பெரிய கலத்தில் நின்றவர்கள் சரக்குகளைத் தூக்கிக் கடலில் எறிந்தனர். பாஹியானும் தம் குடத்தையும் செம்பையும் எறிந்தார். பல்லாண்டு அலைந்து திரட்டிய நூல்களையும் திருவுருவங்களையும் பிறர் பிடுங்கி எறிந்துவிடுவார்களோ என்பதே அவருடைய அச்சம். பதின்மூன்று நாள் கழித்து ஒரு தீவில் ஒதுங்கி, ஓட்டையை அடைத்துக்கொண்டு மீண்டும் புறப்பட்டனர். தொண்ணூறு நாளுக்கு மேல் மிதந்து யவதீபம் என்னும் நாட்டை அடைந்தனர். அங்கே தகுந்த காற்றுக்காக ஐந்து மாதம் காத்திருந்தார் அந்த முதியவர்.

ஐந்து மாதம் ஓரிடத்தில் தங்குபவனுக்கு என்னென்ன வேண்டும்? குடிக்க நல்ல நீர் வேண்டும். சரக்கை வைக்கக் காவலுள்ள கிடங்கு வேண்டும். வழிபட ஒரு கோயில் வேண்டும். வழக்கு எழுந்தால் தீர்க்க ஒரு சபை வேண்டும். தமிழ் வணிகர் தீவுகளிலும் கரைகளிலும் அமைத்தவை இவையே.

தாய்லாந்தின் மேற்குக் கரையில் குலோங் தோம் என்ற இடத்தில் சிறு கல் ஒன்று கிடைத்தது. பொன்னின் மாற்றை உரைத்துப் பார்க்கும் உரைகல் அது. ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் அதன்மேல் பொறித்திருக்கிறது. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். பெரும்பதன் என்ற அந்தப் பொற்கொல்லனைப் பற்றி வேறு எந்த ஏடும் பேசவில்லை. பேரரசரின் பெயரோடு ஒரு தட்டானின் பெயரும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் நிலைத்துவிட்டது எனக்குத் தனி மகிழ்ச்சி.

அதே கரையில் வடக்கே உள்ள தகுவா பா என்னுமிடத்தில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. அது கூறுவது ஒரு குளத்தைப் பற்றி. குளத்தின் பெயர் அவனிநாரணம். மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினர் முதலியோரின் காவலில் அது விடப்பட்டது. அவனிநாரணன் என்பது தெள்ளாறெறிந்த நந்திவர்ம பல்லவனின் சிறப்புப் பெயர். காஞ்சியில் ஆண்ட அரசனின் பெயரைக் கடலுக்கு அப்பால் ஒரு குளத்துக்கு இட்டு, அந்த நீரை நாடோடிகளும் உள்ளூராரும் ஒருங்கே பருகினர். செங்கற்பட்டு, காஞ்சிப் பக்கத்து ஏரிகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, அயல்நாடு போனதும் முதலில் ஒரு குளம் வெட்டத் தோன்றியதில் வியப்பில்லை.

மூன்றாவது சான்று தீவிலேயே உள்ளது. சுமத்திராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்றொரு பழந்துறை. அதன் அருகே லோபு துவா என்னுமிடத்தில் 1873-இல் ஓர் உடைந்த கல்வெட்டைக் கண்டனர். எழுத்தும் மொழியும் தமிழ். 1932-இல் நீலகண்ட சாஸ்திரியார் இதனை ஆராய்ந்து எழுதினார், பின்னர் எ. சுப்பராயலு அவர்கள் மேலும் தெளிவாகப் படித்தார். சக ஆண்டு 1010, மாசித் திங்கள், அதாவது 1088. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் குழு வாரோசு என்ற இந்தத் துறையில் கூடி ஒரு முடிவு செய்கிறது. துறைக்கு வரும் மரக்கலத்தின் தலைவனும் கலத்தோரும், கத்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னாகத் தீர்வை செலுத்திய பின்னரே உள்ளே அடிவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். சுங்கச்சாவடியின் சட்டம் போன்ற இந்த வறண்ட வாசகத்தில்தான் ஒரு பட்டினத்தின் மூச்சு இருக்கிறது. இது இராசேந்திரன் படையெடுத்து அறுபது ஆண்டுக்கும் பின்னர் எழுந்தது என்பதையும் நினைவிற் கொள்க. 

பாருஸைத் தேடி ஏன் போனார்கள்? கற்பூரத்துக்காக. அந்தப் பக்கத்துக் காடுகளில் வானளாவ வளரும் ஒரு மரத்தின் வயிரப் பிளவுகளில் கற்பூரம் வெண்படிகமாக உறைந்து கிடக்கும். எந்த மரத்தில் உண்டு, எதில் இல்லை என்பது வெளியே தெரியாது. பல மரங்களை வீழ்த்தினால் ஒன்றில் கிடைக்கலாம். மலாய் நாட்டுக் காடுகளில் கற்பூரம் எடுக்கச் செல்வோர், மரத்தின் தெய்வம் அறிந்து ஒளித்துவிடும் என்று அஞ்சி, வழக்கச் சொற்களை விட்டு மறைமொழி பேசிய வழக்கம் இருந்தது. கடலில் உயிரைப் பணயம் வைத்த வணிகனுக்குப் பின்னால், காட்டில் உயிரைப் பணயம் வைத்த இந்தத் தீவு மக்களும் உண்டு. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. நம் கோயில்களில் இன்று எரியும் கற்பூரம் பெரும்பாலும் டர்பென்டைனிலிருந்து ஆலையில் செய்வது. இந்தோனேசியாவிலும் அப்படியே, ஆயினும் அந்நாட்டார் அதனை இன்னமும் ‘காப்பூர் பாருஸ்’ என்றே அழைக்கின்றனர்.

பாருஸுக்கு உள்நாட்டில், மலைப்பாங்கான பகுதியில், காரோ மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் செம்பிரிங் என்னும் குலத்தில் சோலியா, பாண்டியா, மெலியாலா, பிராமணா என்று கிளைப்பெயர்கள் வழங்குகின்றன. சோழ, பாண்டிய, மலையாள நாட்டு வணிகர் உள்ளூர்ப் பெண்களை மணந்து கலந்துவிட்டதன் எச்சம் இது என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அக்குலத்தார் முன்னாளில் இறந்தோரை எரித்து, சாம்பலைச் சிறு ஓடங்களில் வைத்து லாவ் பியாங் ஆற்றில் மிதக்கவிட்டு வந்தனர். அவர்கள் தமிழ் பேசுவதில்லை. தமிழரென்று நாம் உரிமை கொண்டாடுவதும் முறையாகாது. அவர்கள் காரோ மக்களே.

இனி, போக்குவரத்து ஒருவழிப்பட்டதன்று என்பதைச் சொல்ல வேண்டும். படையெடுப்புக்கு இருபதாண்டுகளுக்கு முன், 1006-ஐ ஒட்டி, அதே ஸ்ரீவிசயத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்பினான். சூடாமணி விகாரம் என்பது அதன் பெயர். சிவபாதசேகரனாகிய இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே வழங்கினான். தந்தை வாய்மொழியாக அளித்த அந்தக் கொடையைச் செப்பேட்டில் ஏற்றியவன், பின்னாளில் கடாரத்தின்மீது படை விடுத்த இராசேந்திரனே! 1090-இல், முதற்குலோத்துங்கன் காலத்தில், கடாரத்து அரசனின் தூதர் வந்து விகாரத்தின் உரிமைகளை மீண்டும் உறுதி செய்து பெற்றனர். இந்த இரு செப்பேடுகளும் டச்சுக்காரர் வழியே ஹாலந்து சென்று லெய்டன் பல்கலைக்கழகத்தில் இடம்பெற்றமையால், லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. நட்பு, போர், மறுபடி நட்பு என்று வரும் இந்த வரிசையில் போர் ஒரு பருவமே நீடித்தது.

ஏடு பிழைத்தது, விகாரம் பிழைக்கவில்லை. செங்கலால் ஆன அதன் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் மாலுமிகளுக்குத் துறை காட்டிக்கொண்டு நின்றது. 1867-இல் அரசாங்கத்தின் அனுமதி பெற்றே அதனை இடித்துத் தள்ளினர். சுற்றுப்புறத்து மண்ணிலிருந்து கிடைத்த சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகளே இன்று அதற்குச் சாட்சி.

மறுகரைக்குப் போவோம். கெடாவில் ஜெராய் மலையின் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு என்ற இடத்தில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் பல உள்ளன. 1930-களில் குவாரிச் வேல்ஸ் அகழ்ந்தார். புக்கிட் பத்து பாகாட் என்னும் கோயிலை 1959-60-இல் கல் கல்லாகச் சேர்த்துச் சீரமைத்தார்கள். ஆயினும் 2013-இல், அதே பள்ளத்தாக்கில் பதினொன்று என எண்ணிடப்பட்ட கோயிலின் செங்கல் எச்சத்தை, வீட்டுமனை வேலைக்காக நிலத்தைச் சமன் செய்தபோது, இயந்திரத்தால் வழித்துவிட்டனர். செய்தி வெளிவந்தபோது தரை மட்டுமே மிஞ்சியிருந்தது. நாகப்பட்டினத்தாரைக் கெடாவினரோ, கெடாவினரை நாகப்பட்டினத்தாரோ குறைகூற இடமில்லை. கணக்கு இரு கரைக்கும் சமன்.

மீண்டும் திருவாலங்காட்டுக்கு வந்துவிடுவோம். செப்பேடுகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் இவ்வூருக்கு அச்செப்பேட்டைவிடப் பழைய புகழ் ஒன்று உண்டு. கூத்தப்பெருமானின் நடனத்தைப் பாடிக்கொண்டு காரைக்காலம்மையார் தங்கிய தலம் இது. அவர் துறைமுக நகரத்து வணிகர் மகள். கணவன் பரமதத்தன் கலமேறி வாணிகத்துக்குப் போனான். பெருஞ்செல்வத்தோடு கரை சேர்ந்தான். ஆனால் அவரிடம் திரும்பி வரவில்லை. பாண்டிநாட்டுத் துறையொன்றில் வேறொரு பெண்ணை மணந்து வாழ்ந்தான் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. கடல் வாணிகத்தின் கதையில் கரையில் நின்றுவிட்ட பெண்ணின் பக்கத்தை நமக்குக் காட்டுபவர் அவர் ஒருவரே. அழகை உதறிப் பேய்வடிவு வேண்டிப் பெற்றார்.

கம்போடியாவில் பன்தேய் ஸ்ரே என்றொரு கோயில் இருக்கிறது. 967-இல் குடமுழுக்குக் கண்டது. கடாரப் படையெடுப்புக்கு ஏறத்தாழ அறுபதாண்டு முற்பட்டது. எந்தப் படையும் கொண்டுசெல்லாத உருவம் ஒன்று அதன் முகப்புச் சிற்பத்தில் உள்ளது. சிவன் ஆடுகிறான். அவன் காலடியில் ஒரு பக்கமாக, எலும்பும் தோலுமாய், தளர்ந்த மார்போடு ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவளை அறிஞர் காரைக்காலம்மையார் என்று அடையாளம் கண்டுள்ளனர்.