ஆற்றங்கரை மாளிகை

மாஸ்கோ நகரில், கிரெம்ளின் கோட்டைக்கு எதிரே, மாஸ்க்வா நதியின் மறுகரையில் சாம்பல் நிறத்தில் ஓங்கி நிற்கும் பெருங்கட்டடம் ஒன்று, அதிகாரத்தின் அருகே வாழ்வது எத்தகைய பாக்கியம், எத்தகைய அபாயம் என்ற இரண்டு உண்மைகளையும் ஒருங்கே உரைத்துக்கொண்டிருக்கிறது.

போரிஸ் இயோஃபான் வகுத்த திட்டப்படி 1931-இல் நிறைவெய்திய அம்மாளிகையின் 505 இல்லங்களில் சோவியத் அரசின் மந்திரிகளும் சேனாதிபதிகளும் ரஷ்யப் புரட்சியின் மூத்த வீரர்களும் குடியேறினர். நகரத்து ஜனங்களில் பெரும்பாலோர் ஒரே சமையலறையைப் பல குடும்பங்களாகப் பகிர்ந்துகொண்டு நெருக்கடியில் வாழ்ந்த அக்காலத்தில், இவர்களுக்கு வெந்நீர்க் குழாயும் தொலைபேசியும், கடையும் சலவைச்சாலையும் சினிமாக் கொட்டகையும் வாசலிலேயே வாய்த்தன. ஆயினும் அவ்வீடுகளின் நாற்காலி மேஜைகளும் அரசாங்கத்தின் இலக்கம் தாங்கியவை. அங்கு எதுவும் எவருக்கும் சொந்தமன்று.

அரசு தன் ஆட்களையே கைதுசெய்து கொன்ற 1937-ஆம் ஆண்டின் பயங்கரம் மூண்டபோது, இரவில் மோட்டார் வண்டி நிற்கும் ஓசைக்கே உள்ளங்கள் நடுங்கின. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தளபதி துகாசெவ்ஸ்கியும், அடுத்த ஆண்டு மார்ச்சில் முன்னாள் பிரதமர் ரீகோவும் சுட்டுக் கொல்லப்பட்டனர்; இருவரும் இம்மாளிகைவாசிகளே. தந்தையை இவ்வாறே பறிகொடுத்த சிறுவன் யூரி த்ரீஃபோனவ், பிற்காலத்தில் பெரிய நாவலாசிரியராகி, 1976-இல் 'ஆற்றங்கரை வீடு' என்ற நவீனத்தை வெளியிட, அக்கட்டடத்துக்கு அதுவே பெயராக நிலைத்தது.

அச்சத்தின் மீது எழுப்பிய அரசில், உயர்ந்த ஸ்தானம் எவருக்கும் அபயமளிப்பதில்லை. நீதி இல்லாத இடத்தில் மாளிகையும் சிறைக்கூடத்தின் முன்வாசலே.