காயல் கஞ்சியும் ஆச்சே கஞ்சியும்

  ரமலான் மாதத்தில் மாலை நேர அஸர் தொழுகை முடிந்ததும் தூத்துக்குடி கடற்கரையில் உள்ள காயல்பட்டினத் தெருக்களில் தூக்குவாளிகள் நடமாடத் தொடங்கிவிடும். சூரியன் மறைந்ததும் ஒலிக்கும் மஃரிப் பாங்குக்கு முன்னால் நோன்புக் கஞ்சி வீடு போய்ச் சேர வேண்டும். இந்தக் கஞ்சி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அரபு வணிகர் கொண்டுவந்தது என்ற பதில் சட்டென்று வரும். மதம் அங்கிருந்து வந்ததால் சாப்பாடும் அங்கிருந்தே வந்திருக்கும் என்பது ஊகம். அண்டாவுக்குள் என்ன இருக்கிறது என்பதோடு, அடுப்பை மூட்டுவது யார், செலவை ஏற்பது யார், வாங்கிப் போவது யார் என்றும் பார்த்தால் வேறொரு வரலாறு தெரியும். அது மேற்குக் கடலைவிடக் கிழக்குக் கடலோடு நெருங்கிய வரலாறு.

முதலில் அண்டாவைப் பார்ப்போம். பச்சரிசி, பாசிப்பருப்பு, ஒரு பிடி வெந்தயம், இஞ்சி பூண்டு விழுது, பட்டை கிராம்பு, புதினா, மல்லித்தழை, வசதியைப் பொறுத்துக் கொத்துக்கறி. அரிசி குழைந்த பிறகு தேங்காய்ப்பாலை ஊற்றி, பொங்கவிடாமல் கிண்டி இறக்குவார்கள். அரபு நாட்டு நோன்புப் பண்டமான ஹரீஸோ கோதுமையையும் இறைச்சியையும் மணிக்கணக்கில் வேகவைத்து மசிப்பது. கோதுமை விளையாத ஊரில் ஹரீஸ் அரிசிக் கஞ்சியாக மாறியிருக்கலாமே என்று கேட்கலாம். இதற்கு மலபார் பதில் சொல்கிறது. அங்கே ஹரீஸ் உண்மையாகவே வந்து தங்கியது. இன்றும் அலீசா என்ற பெயரில், கோதுமையிலேயே செய்கிறார்கள். அதே வீடுகளில் ரமலானுக்குச் சீரகக் கஞ்சியும் தனியாக வேகிறது. வந்த பண்டம் தன் தானியத்தை விடவில்லை. உள்ளூர்க் கஞ்சியும் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்று மற்றொன்றாக உருமாறியது என்பதற்கு அங்கே இடமில்லை என்றால், காயலிலும் அதை எளிதில் ஏற்க முடியாது.

இந்தக் கஞ்சியின் கதைக்குள் கிழக்குக் கடல் எப்படி வந்து சேர்ந்தது? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைக் கப்பல்கள் காயலுக்கு வந்ததை எழுதினார். காயலின் மேற்கு முகம் அதனால் பிரபலமாகிவிட்டது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பழைய துறையாகக் கருதப்படும் பழையகாயலின் மண்ணைக் கிளறிப் பார்த்த கால்டுவெல், அங்கே கண்டெடுத்த அரபு மட்கலத் துண்டுகளோடு சீனப் பீங்கான் துண்டுகளையும் குறித்துவைத்தார். பிற்காலத்தில் ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமாவின் குழு, தமிழகக் கரையிலும் இலங்கையிலும் சீனப் பீங்கான் சில்லுகளைத் தேடித் தொகுத்து 2004இல் நூலாக்கியது. சீனச் சரக்கு இங்கே வர வேண்டுமானால் மலாக்கா நீரிணையைக் கடந்தாக வேண்டும். அந்த வழியில் தமிழ் வணிகர் புதியவர்களும் அல்லர். சுமாத்திராவின் மேற்குக் கரையில் பாருஸில் 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது. 1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்ததும் முஸ்லிம் வணிகர் பலர் சுமாத்திராவின் வடமுனையில் உள்ள ஆச்சேவுக்குத் தங்கள் வணிகத்தை மாற்றினார்கள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகரான மரைக்காயரின் கப்பல்கள் ஆச்சே, கெடா துறைகளுக்குத் துணி ஏற்றிச் சென்று மிளகும் பாக்கும் தகரமும் ஏற்றி வந்தன. அங்கே இந்த வணிகர்களைச் சூலியா என்று அழைத்தார்கள்.

அந்த ஆச்சேயில் ரமலான் மாலை எப்படி இருக்கிறது? ஊர்ப் பொதுத் தொழுகையிடமான மெனாசாவிலும் பள்ளிவாசலிலும் பகலிலேயே பெரிய கொப்பரை ஏறுகிறது. அரிசியோடு கோழியோ இறாலோ சேர்த்து, இஞ்சியும் மசாலாவும் போட்டுக் காய்ச்சுகிறார்கள். ஊர்க்காரர்கள் பாத்திரத்தோடு வந்து காசில்லாமல் வாங்கிப் போகிறார்கள். அதன் பெயர் ‘கஞ்சி ரும்பி’. பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்து வழக்குப் பேச வேண்டியதில்லை. ஊர் ஏற்கும் செலவு, பொது அடுப்பு, மஃரிபுக்கு முந்தைய விநியோகம், ஏழை பணக்காரர் என்று பிரிக்காத வரிசை என எல்லாம் காயலில் நடப்பதைப் போலவே நடக்கிறது. சிங்கப்பூரில் சூலியாக்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலிலும் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். சரக்குக் கப்பல் போன பாதையும் கஞ்சி அண்டா இருக்கும் துறைகளும் இவ்வளவு ஒத்துப்போவதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. காயலும் ஆச்சேயும் நிலநடுக்கோட்டுக்கு அருகே இருக்கும் வெக்கைக் கரைகள். 13, 14 மணி நேரம் தண்ணீர் படாத வயிற்றுக்கு நீரும் உப்பும் மாவும் கலந்த இளகிய உணவே ஒத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு ஊரும் தனித்தனியாகவே கஞ்சிக்கு வந்திருக்கும் என்பது ஒன்று. கஞ்சி ஏன் என்பதற்கு அது சரியான விளக்கம். ஆனால் வீட்டு அடுப்பில் அரைப்படி அரிசியில் முடிகிற காரியம் ஏன் பள்ளிவாசலுக்குப் போனது என்பதை வெயில் விளக்காது. இன்னொரு மறுப்பு கனமானது. ஜாவாவில் செமாராங் நகரின் பெக்கோஜான் பள்ளிவாசலில் ரமலானுக்குக் கொடுக்கும் ‘இந்தியக் கஞ்சி’ குஜராத்தி வணிகர் வழி வந்தது என்கிறார்கள். அப்படியானால் இதில் தமிழருக்கு மட்டும் உரிமை இல்லை. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். கடல் வணிகத்தில் பல ஊர்க்காரரும் ஒரே பழக்கத்தைச் சுமந்து போயிருக்கிறார்கள். ஆச்சே வரை அதைச் சுமந்தவர்களில் சூலியாக்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதற்கு மேல் நான் கோரவில்லை. மூன்றாவது, பொது அண்டா பள்ளிவாசலின் சொத்தே அல்ல. ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழும், பஞ்ச காலக் கஞ்சித் தொட்டியும், 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பும் அதே வகைதானே என்பது. இது என் வாதத்துக்குத் துணையே. பசித்தவருக்கு ஊர் கூடிக் காய்ச்சும் தமிழ்நாட்டு வழக்கமும், நோன்பாளிக்கு நோன்பு திறக்க உணவளிப்பதை நன்மையாக எண்ணும் இஸ்லாமிய வழக்கமும் இந்தக் கரையில் கைகோத்தன. கப்பலேறியது அந்தக் கலவை.

வீட்டுச் சமையலோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். இந்தோனேசிய வீடுகளில் இன்று நோன்பு திறக்கும் எளிய உணவுகளில் ஒன்று, துண்டு போட்ட கோழியையும் டோஃபுவையும் பூண்டு, மிளகாய், இனிப்பு சோயா சாற்றோடு சில நிமிடம் வதக்கி எடுப்பது. எண்ணெய் குறைவு, வயிற்றுக்குச் சுமை இல்லை. டோஃபு சீனக் குடியேறிகள் கொண்டுவந்து அந்நாட்டுச் சந்தைச் சரக்கானது. இத்தகைய கறி அவரவர் கைப்பக்குவத்துக்கு ஏற்ப வீட்டுக்கு வீடு மாறும். யாரும் தடுக்க மாட்டார்கள். பள்ளிவாசல் கஞ்சியை ஒருவர் விருப்பத்துக்கு மாற்ற முடியாது; ஊர் முழுவதும் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். அதனால்தான் ஊர் அண்டா பழையதைக் காப்பாற்றுகிறது.

இதற்கு 2020 ஒரு சோதனை. தமிழக அரசு பல ஆண்டுகளாகவே நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வந்தது. அந்த ஆண்டு சுமார் 2,900 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் ஒதுக்கினார்கள். கொரோனா ஊரடங்கில் பள்ளிவாசலில் காய்ச்சத் தடை இருந்ததால், அரிசியைப் பைகளில் கட்டி வீடுகளுக்கே கொடுத்துவிடச் சொன்னார்கள். அரிசிக்குக் குறைவில்லை, செய்முறை எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆனாலும் பலருக்கு அது கஞ்சி இல்லாத ரமலானாகவே பட்டது. கஞ்சி என்று அவர்கள் சொன்னது பண்டத்தை மட்டும் அல்ல என்பது அப்போது வெளிப்பட்டது. உணவின் வேரைத் தேடுகிறவர்கள் மசாலாப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்து அரபு, சீனம், மலாய் என்று முத்திரை குத்துவது வழக்கம். கொத்துக்கறி கோழிக்கும், கோழி இறாலுக்கும் எத்தனை முறை இடம் மாறினாலும் பள்ளிவாசல் கணக்கில் கஞ்சிச் செலவு ஊர் பேரில்தான் எழுதப்படுகிறது. காயலையும் ஆச்சேயையும் உறவாக்குவது அந்தக் கணக்கு. வேர் தேடுகிறவர்கள் சமையல் குறிப்புக்கு முன்னால் அதைப் புரட்ட வேண்டும்.