பழைய காரும் புதிய உறுப்பும்

கோவை அவிநாசி சாலையில் ஒரு கார் அருங்காட்சியகம் இருக்கிறது. ஜி. டி. நாயுடு குடும்பத்தினரின் சேகரிப்பில் இருந்த பழைய கார்களைப் பொதுமக்கள் காண்பதற்காக 2015ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. நீங்கள் அங்கே சென்று ஏதேனும் ஒரு காரின் முன் சற்று நேரம் நின்று பாருங்கள். இரண்டு கேள்விகள் மனத்தில் எழும். இது இன்றும் ஓடுமா என்பது ஒன்று. ஓடாவிட்டால் இதில் ஒரு புதிய எந்திரத்தைப் பொருத்தினால் என்ன என்பது மற்றொன்று.

இரண்டாவது கேள்வி புதியதன்று. கொங்கு நாட்டின் பட்டறைகள் ஏறக்குறைய நூறாண்டுகளாக அதற்குப் பலவிதமாக விடை சொல்லி வந்திருக்கின்றன. அந்த விடைகளில் எது ஏற்கத்தக்கது, எது இழப்பைத் தருவது என்பதை இக்கட்டுரையில் காண்போம். எடுத்துக்காட்டாக ‘ரோட்ஸ்டர்’ வகைக் காரை எடுத்துக்கொள்வோம். இருவர் மட்டுமே அமரக்கூடிய, நிலையான கூரையில்லாத, எடை குறைந்த கார் இது. உறுப்புகள் குறைவாதலால் இதை மாற்றிப் பார்க்கும் ஆசை எவருக்கும் எளிதில் வந்துவிடும்.

பிரித்துப் பார்த்த கைகள்

கோவையை அடுத்த கலங்கலில் 1893ஆம் ஆண்டு பிறந்தவர் ஜி. டி. நாயுடு. இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்த அவர், கோவையில் ஓர் உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் முதலில் அதை ஓட்டி மகிழ்ந்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? அவரோ அதை முழுவதும் பிரித்துப் போட்டு, மீண்டும் பூட்டிக் கற்றுக்கொண்டார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார்.

பஸ் ஓடினால் உறுப்புகள் தேயும். தேய்ந்த உறுப்புக்கு மாற்று வேண்டுமானால் கடல் கடந்து கப்பலில் வர வேண்டும். அதுவரை வண்டியை நிறுத்தி வைத்தால் பிழைப்பு நடக்காது. ஆகவே வார்ப்பதும் கடைவதும் இங்கேயே நடந்தாக வேண்டியதாயிற்று. 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையும் அதைத் தொடர்ந்து வந்த ஆலைகளும் கோவைக்கு இயந்திரப் பழக்கத்தைத் தந்திருந்தன. 1930களின் தொடக்கத்தில் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தது. 1937இல் நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் இந்தியாவிலேயே முதல் மின் மோட்டாரை உருவாக்கினார்கள். நாடு விடுதலை பெற்றபின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தபோது, இல்லாததைச் செய்துகொள்ளும் பழக்கம் இந்த வட்டாரத்தில் நன்றாக வேரூன்றியிருந்தது.

இந்தப் பழக்கத்தின் அடிப்படை என்ன? பழைய உறுப்பை அளந்து, அதே அளவில் புதிய உறுப்பைச் செய்வது. வண்டியின் தன்மை மாறாது. தேய்ந்தது மட்டும் மாறும். இதைத்தான் ‘புதுப்பித்தல்’ என்கிறோம். வேறு தன்மையுள்ள உறுப்பைக் கொண்டுவந்து பொருத்துவது ‘மாற்றியமைத்தல்’. இரண்டும் வேறு வேறு என்பதை நினைவில் வையுங்கள்.

தொழிற்சாலையே செய்த மாற்றம்

மாற்றியமைத்தலைத் தொழிற்சாலைகளும் செய்திருக்கின்றன. சென்னையில் 1961 முதல் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற கார் தயாரானதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். அதன் மூல வடிவம் இங்கிலாந்தின் ‘டிரையம்ப் ஹெரால்டு’. அக்காலத்தில் பெரும்பாலான கார்களில் அடிச்சட்டமும் மேற்கூடும் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டன. டிரையம்ப் நிறுவனத்துக்கோ முழுக்கூட்டையும் அச்சடித்துத் தரும் ஆலை கிடைக்கவில்லை. அந்த ஆலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. எனவே தனி அடிச்சட்டம் அமைத்து, சிறு சிறு பகுதிகளாகச் செய்த மேற்கூட்டை அதன்மேல் போல்ட்களால் பூட்டினார்கள்.

நெருக்கடியில் பிறந்த இந்த அமைப்பே பின்னர் நன்மையாயிற்று. ஹெரால்டின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய 232 சென்டிமீட்டர். அந்த அடிச்சட்டத்தை 211 சென்டிமீட்டராகச் சுருக்கி, மேலே ஒரு புதிய கூட்டை வைத்து, 1962இல் ‘ஸ்பிட்ஃபயர்’ என்ற ரோட்ஸ்டரை வெளியிட்டார்கள். முதல் ஹெரால்டின் எந்திரம் 948 கன சென்டிமீட்டர். திறன் ஏறக்குறைய 35 குதிரைத்திறன். ஸ்பிட்ஃபயரின் எந்திரம் 1147 கன சென்டிமீட்டர், 63 குதிரைத்திறன். ஆனால் எந்திரத்தைப் பெரிதாக்கியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. முன் சக்கரங்களுக்குத் தட்டு பிரேக்கையும் பொருத்தினார்கள். ஏன் என்று பார்ப்போம்.

வேகமும் வெப்பமும்

800 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 50,000 ஜூல். வேகம் 80 ஆனால் ஆற்றல் இரு மடங்காவதில்லை. நான்கு மடங்காகி ஏறக்குறைய 2 லட்சம் ஜூல் ஆகிறது. காரை நிறுத்தும்போது இந்த ஆற்றலில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாற வேண்டும்.

பழைய கார்களில் இருப்பது டிரம் பிரேக். டிரம் சூடானால் விரிந்து, உள்ளிருந்து அழுத்தும் கட்டைகளை விட்டு விலகிச் செல்கிறது. மிதியை மேலும் மேலும் அழுத்த வேண்டி வரும். தட்டு பிரேக்கிலோ தட்டு சூடாகித் தடித்தாலும் இருபுறப் பட்டைகளை நோக்கியே தடிக்கும். காற்றும் அதை நேரே குளிர்விக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போய்த் திரும்பி இறங்கியவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. ஆகவே பழைய காருக்கு வலிய எந்திரம் தேடுபவர் முதலில் பிரேக்கைத் தேட வேண்டும்.

அடுத்தது மின்சாரம். பழைய டைனமோ, எந்திரம் மெதுவாகச் சுழலும்போது போதிய மின்னோட்டம் தராது. சிலிக்கன் டயோடுகள் மலிவானபின் 1960களில் ஆல்டர்னேட்டர் பரவியது. அது மெதுவான ஓட்டத்திலும் பேட்டரியை நிரப்பும். ஆனால் 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல ஆங்கிலேயக் கார்களில் பேட்டரியின் நேர்முனையே அடிச்சட்டத்தில் இணைக்கப்பட்டிருக்கும். இதைக் கவனியாமல் இன்றைய ஆல்டர்னேட்டரை மாட்டினால் அதன் டயோடுகள் நொடியில் எரிந்துபோகும்.

மூன்றாவது மரை. பழைய காரில் 5/16 அங்குல போல்ட் இருந்த இடத்தில் 8 மில்லிமீட்டர் போல்ட்டைத் திருகிவிடலாம் என்று தோன்றும். விட்டம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் முன்னதன் நுண்மரையில் ஓர் அங்குலத்துக்கு 24 சுற்று, பின்னதில் 20. பலவந்தமாகத் திருகினால் மரை அழியும். எம்.ஜி. நிறுவனத்தின் புகழ்பெற்ற டி.சி. ரோட்ஸ்டரில் மற்றொரு விந்தை உண்டு. போல்ட்டின் தலை ஆங்கில அளவு. எந்திரத்தின் மரையோ மெட்ரிக் அளவு! பிரெஞ்சு வழிவந்த ஹாட்ச்கிஸ் நிறுவனத்தின் எந்திர ஆலையை 1923இல் மாரிஸ் வாங்கியதன் எச்சம் அது. ஸ்பானர் பொருந்துவதைக் கொண்டு மரையையும் ஊகித்தவர் ஏமாந்துபோவார்.

நான்காவது எரிபொருள். முன்னாளில் பெட்ரோலில் கலந்த ஈயச் சேர்மம் வால்வு அமரும் இடம் தேயாமல் காத்தது. 2000ஆம் ஆண்டில் இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உடல்நலத்துக்கு அது நல்லதே. ஆனால் பழைய எந்திரத்தின் வால்வு இருக்கைகளைக் கடினமான எஃகு வளையங்களால் மாற்ற வேண்டும். இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் சேர்கிறது. அது பழைய ரப்பர்க் குழாய்களை ஊறிப்போகச் செய்யும். இத்தகைய மாற்றங்கள் காரின் உருவத்தைத் தொடுவதில்லை. அதன் ஆயுளை நீட்டுகின்றன.

கரிவரதனின் வழி

புதிய எந்திரத்தின் வேகந்தான் வேண்டும் என்பவருக்கு வழியே இல்லையா? உண்டு. அதைக் காட்டியவரும் கோவைக்காரர்தாம். அவர் கரிவரதன்.

1983 டிசம்பரில் மாருதி 800 கார் வந்தது. மூன்று உருளைகளும் 796 கன சென்டிமீட்டரும் கொண்ட சிறிய எந்திரம். முன் சக்கரங்களை இயக்குவது. கரிவரதன் அந்த எந்திரத்தை ஓட்டுநரின் முதுகுப்புறம் வைத்து, பின் சக்கரங்களை இயக்கும்படி, ஒருவர் அமரும் திறந்த பந்தயக் காரை வடிவமைத்தார். ‘ஃபார்முலா மாருதி’ என்று அது பெயர் பெற்றது. குறைந்த செலவில் இந்திய இளைஞர்கள் பந்தயம் பழக அது வழி திறந்தது. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் காலமானார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003இல் தொடங்கிய பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கரிவரதன் புதிய எந்திரத்துக்காக ஒரு பழைய காரை அறுக்கவில்லை. புதிய சட்டத்தையே அமைத்தார். வேகம் வேண்டுமானால் அதற்கேற்ற உடலைப் புதிதாகச் செய்யலாம். ஆனால் அறுத்த பழைய உடலை மறுபடி பெற முடியாது.

சட்டம் சொல்வது

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. எந்திரத்தை மாற்ற உரிய அனுமதி வேண்டும். 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2021இல் வந்த விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த கார்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளுடன் தனிப்பதிவு தருகின்றன. ஆனால் அடிச்சட்டத்திலோ மேற்கூட்டிலோ எந்திரத்திலோ பெரிய மாற்றம் செய்யப்பட்ட வண்டிக்கு அந்தத் தகுதி கிடையாது. ஆசைக்காகப் பழைய எந்திரத்தைக் கழற்றி எடைக்குப் போடுபவர் அந்தப் பதிவையும் சேர்த்தே போடுகிறார்.

ஆகவே ஒரு பழைய காரில் கை வைக்குமுன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நான் இன்று செய்யும் மாற்றத்தை நாளை இன்னொருவர் அவிழ்த்து, பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா? முடியும் என்றால் செய்யுங்கள். ஆல்டர்னேட்டர் மாட்டலாம், கழற்றிய டைனமோவை எண்ணெய் தடவி, சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். தட்டு பிரேக்கை அனுமதியுடன் இருக்கும் துளைகளிலேயே போல்ட்களால் பூட்டுங்கள், பற்றவைக்காதீர்கள். ஒவ்வொரு வேலையையும் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடிச்சட்டத்தில் அரம் படும் வேலை என்றால் நிறுத்திவிடுங்கள்.

நூறாண்டுகளுக்கு முன் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்த கைகள் அதைத் திரும்பப் பூட்டவும் செய்தன. திரும்பப் பூட்டத் தெரிந்ததால்தான் அது கல்வியாயிற்று. பழைய காரைத் தொடும் நம் கைகளுக்கும் அதே இலக்கணந்தான்.