திண்மநிலைப் பிரித்தெடுப்பு (நீரில் பீடைகொல்லிப் பகுப்பாய்வு)

நீரில் மிக ஐதாகக் கரைந்திருக்கும் பீடைகொல்லிகளைத் திண்மப் பொருளொன்றில் பிடித்துவைத்து, பின்னர் சில மில்லிலீற்றர் கரைப்பானால் கழுவியெடுக்கும் மாதிரித் தயாரிப்பு முறை. ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் தனியொரு பீடைகொல்லிக்கு விதித்திருக்கும் எல்லை லீற்றருக்கு 0.1 மைக்ரோகிராம். இத்தனை சிறிய அளவைப் பெரும்பாலான கருவிகள் நேரடியாகக் காண்பதில்லை. ஒரு லீற்றர் நீரிலுள்ளதை ஒரு மில்லிலீற்றருக்குள் ஒடுக்கினால் செறிவு ஆயிரம் மடங்காகிறது.

இதற்கு வழி முதலில் கரியில் கிடைத்தது. 1951இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை வேதியியலாளர்கள் ஆயிரக்கணக்கான லீற்றர் ஆற்றுநீரைக் கரி நிரப்பிய உருளைகளினூடே செலுத்தினார்கள். கரி பிடித்தது, பிடித்ததை முழுதாக விடவில்லை. எனவே பிரிபுனலே நெடுங்காலம் ஆட்சி செய்தது: ஒரு லீற்றர் நீருடன் 60 மில்லிலீற்றர் இருகுளோரோமெதேனை மும்முறை சேர்த்துக் குலுக்குவது. நச்சுக் கரைப்பான் வீணாகும், குழம்பு உண்டாகி அடுக்குகள் பிரிய மறுக்கும், கையும் ஓய்ந்துபோகும். 1974இல் அயோவாவில் எக்ஸ்ஏடி பிசின்கள் நல்ல மாற்றாக நிறுவப்பட்டன. 1978இல் வாட்டர்ஸ் நிறுவனத்தின் 'செப்-பாக்' குப்பி வந்தபின்தான் இம்முறை சாதாரண ஆய்வுகூட மேசைக்கு இறங்கியது. அதனுள் இருந்தது, 18 காபன் அணுச் சங்கிலி ஒட்டிய சிலிக்காத் தூள் (சி-18).

சி-18 நீரை வெறுக்கும். ஆகவே முதலில் மெதனோலாலும் பிறகு தூய நீராலும் அதை நனைக்க வேண்டும். மாதிரி ஊற்றுமுன் உலரவிட்டால் பிடிப்பு கெடும். நெல்வயல் களைகொல்லியான எம்சிபிஏ போன்ற அமிலப் பொருள்களுக்கு நீரின் பிஎச் மதிப்பை 2 அளவிற்குத் தாழ்த்துவர். மெதுவாக நீரை இழுத்து, குப்பியை உலர்த்தி, எதைல் அசற்றேற்று போன்ற கரைப்பானால் கழுவி, நைதரசன் ஊதிக் குறுக்குவர். தெரிந்த அளவு பீடைகொல்லி சேர்த்த நீரையும் கூடவே ஓட்டி, எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்காத ஆய்வை நம்ப முடியாது. உலர்வைத் தாங்கும் எச்எல்பி பலபடி 1996இல் சந்தைக்கு வந்ததும் பாதித் தலைவலி தீர்ந்தது.

இலங்கையின் வடமேற்குக் கரையில் இம்முறைக்குத் தனிப் பொருத்தம் உண்டு. உடப்பு, கடலுக்கும் முந்தல் களப்புக்கும் இடைப்பட்ட மணற்பட்டியிலுள்ள தமிழ்க் கடற்றொழில் ஊர். இக்கரையோர மணலில் உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலம் நிற்கிறது; கிணறுகள் ஆழமற்றவை. வடக்கே கற்பிட்டித் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைக்கும் நீர், இட்ட உரத்தையும் தெளித்த மருந்தையும் ஏந்திக்கொண்டு அதே மணலூடாக அதே நீருக்குத் திரும்புகிறது. அங்கே நைத்திரேற்று மிகுதி 1980களிலேயே அறியப்பட்டது. உவர்க் கிணற்று நீரின் உப்பு சி-18இல் தங்காமல் ஓடிவிடும். எஞ்சியதைச் சிறிது தூய நீர் அகற்றும். மாதிரியைக் கிணற்றடியிலேயே குப்பியில் ஏற்றினால், நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கொழும்புக்குப் பனிக்கட்டிப் பெட்டியில் கண்ணாடிப் போத்தல்களைச் சுமக்க வேண்டியதில்லை.

ஆனால் குப்பி எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. கிளைபோசேற்று என்ற களைகொல்லி இதற்கு எடுத்துக்காட்டு. அதை இலங்கை 2015இல் தடைசெய்தது. 2018இல் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்குத் தளர்த்தி, 2022இல் தடையை நீக்கியது. இத்தனை வாதத்துக்குள்ளான அப்பொருள் நீரை மிக விரும்புவதால் சி-18ஐக் கடந்து ஓடிவிடும். அதைக் காண வேறு வேதிவினையும் வேறு தயாரிப்பும் வேண்டும். ஆகவே 'கண்டறியப்படவில்லை' என்ற கிணற்றுநீர் அறிக்கை கைக்கு வந்தால், எந்தெந்தப் பொருள்களைத் தேடினார்கள், எந்தக் குப்பியில் பிடித்தார்கள், எவ்வளவு வரை காண முடிந்தது என்ற மூன்றும் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கவும். இல்லையேல் கேட்டுப் பெறவும்.